நாடோடிக்கு ஒரு விசா

"எம்.ஏ. வரைக்கும் படிக்க வைத்தது நீ நாடோடியாகப் போகத்தானா?" என்று அம்மா கேட்டபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் கோபமும் வந்தது.

தப்பு என்னுடையதுதான். "ஆறு மாதம் வெளியூரில் இருக்கப் போகிறேன், அங்கிருந்தபடியே நம் பத்திரிகை வேலையைப் பார்ப்பேன்" என்று சாதாரணமாகச் சொல்லியிருந்தால் விஷயம் சுமுகமாக முடிந்திருக்கும். அதை விட்டுவிட்டு, "டிஜிட்டல் நாடோடி விசா" என்று அதன் பெயரைத் தமிழில் பெயர்த்துச் சொல்லித் தொலைத்தேன். அப்போது பார்த்து அடுத்த வீட்டு மாமியும் கூடத்தில் இருந்தாள். "எம்.ஜி.ஆர். கூட ஒரு படம் எடுத்தாரே, அந்த நாடோடியா?" என்று கேட்டாள். மன்னன் இல்லாத நாடோடி, மாமி!

சமாசாரம் இதுதான். கம்ப்யூட்டர் ஒன்று மடியில் இருந்தால் போதும், ஆபீஸ் எங்கே இருக்கிறது என்பது இரண்டாம் பட்சம் என்பதை 2020-ல் வந்த கொள்ளை நோய் உலகத்துக்கே கற்றுக் கொடுத்துவிட்டது. அந்த ஆகஸ்டு மாதமே எஸ்டோனியா என்ற சின்னஞ்சிறு தேசம், "உங்கள் சொந்த ஊர் வேலையை எங்கள் ஊரில் உட்கார்ந்து செய்யுங்கள், ஒரு வருஷம் தங்கலாம்" என்று கதவைத் திறந்தது. அதன் பிறகு போர்ச்சுகல், ஸ்பெயின், மலேசியா என்று வரிசையாகத் திறந்தார்கள். தாய்லாந்து 2024 ஜூலையில் திறந்தது. அதன் விசாவுக்கு டி.டி.வி. என்று பெயர். ஐந்து வருஷம் செல்லும். ஒவ்வொரு தடவை போகும்போதும் 180 நாள் தங்கலாம். அந்த நாட்டு முதலாளி யாரிடமும் வேலை செய்யக் கூடாது. நம் ஊர்ச் சம்பளம் நம் ஊரிலிருந்தே வர வேண்டும். வேலைக்காரர்கள் மட்டுமல்ல, தாய் சமையல் கற்க வருகிறவர்கள், தாய் குத்துச்சண்டை கற்க வருகிறவர்களும் இதே விசாவில் வரலாம். குத்துச்சண்டை கற்கும் உத்தேசம் எனக்கு இல்லை. ஆபீஸ் கடிதத்தைக் காட்டி வேலை என்ற வாசல் வழியாகவே போனேன். படிப்பு என் சொந்த ஆசை. புதிதாக ஒரு பாஷை கற்க வேண்டும் என்று கல்லூரி நாளிலிருந்து எனக்கு ஒரு சபலம். எங்கள் ஆசிரியர், "தொடர்கதைப் புரூஃப் வியாழக்கிழமை வந்துவிட வேண்டும். நீ எந்த லோகத்தில் இருந்தாலும் சரி" என்று உத்தரவு கொடுத்துவிட்டார்.

விசாவுக்குக் கட்டணம் 10,000 பாத். அது பெரிதில்லை. கையில் 5 லட்சம் பாத் இருப்பதாகப் பாங்கிக் கணக்கைக் காட்ட வேண்டும் என்றார்கள். நான் மனுப் போட்ட சமயத்தில் நம் பணத்தில் 12 லட்சத்துக்கு மேல் ஆயிற்று. பத்திரிகைக்காரி கணக்கில் ஏது 12 லட்சம்? பாதிதான் தேறிற்று. மீதிக்கு என்ன செய்வது என்று நான் விழித்துக் கொண்டிருக்க, நாடோடி என்று வைத அதே அம்மா, ஒரு வார்த்தை பேசாமல் பீரோவைத் திறந்து, அப்பா விட்டுப் போன டெபாசிட் ரசீதை எடுத்து வந்தாள்.

"காட்டத்தானே கேட்கிறான்? செலவழிக்க இல்லையே?"

"காட்டத்தான், அம்மா."

"அப்படியானால் உன் பேருக்கு மாற்றிக்கொள். கல்யாணத்துக்கு இரவல் நகை போட்டுக்கொண்டு போகிறதில்லையா? அந்த மாதிரி."

நானோ கல்யாணம் செய்துகொள்ளாதவள். அந்த உவமையை அவள் வேண்டுமென்றே சொன்னாளா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்.

பாரத்தைப் பூர்த்தி செய்தபோது இன்னொன்று கண்ணில் பட்டது. இந்த விசாக்காரர் தம்மோடு புருஷனையோ மனைவியையோ அழைத்து வரலாம். 20 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளையும் அழைத்து வரலாம். அம்மாவுக்கு இடமில்லை. சட்டம் செய்தவர்கள் குடும்பம் என்றால் என்ன என்று நினைத்தார்களோ, அதை எழுதிவிட்டார்கள். என் குடும்பம் மேற்கு மாம்பலத்தில் சுவாசப் பையில் வீஸிங்கும் கையில் இன்ஹேலருமாக உட்கார்ந்திருக்கிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? நல்ல வேளையாக, அந்தச் சமயம் இந்தியர்கள் விசா இல்லாமலே 60 நாள் தாய்லாந்தில் தங்கலாம் என்று இருந்தது. "நான் முதலில் போய் ஜாகை பார்க்கிறேன். பொங்கல் கழித்து நீ வா. மாம்பலத்துத் தூசியும் புகையும் இல்லாமல் இரண்டு மாதம் நல்ல காற்றைச் சுவாசிக்கலாம்" என்றேன்.

நல்ல காற்று! இந்த வார்த்தையை நேயர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

* * *

நான் போன ஊர் சியாங் மை. வட தாய்லாந்தில், மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் இருக்கிறது. 1296-ல் மங்ராய் என்ற அரசன் கட்டிய நகரம். சதுரமான அகழியும், இடிந்தது பாதி நிற்பது பாதியாகச் செங்கல் மதிலும் இன்னும் இருக்கின்றன. மேற்கே தோய் சுதேப் என்ற மலை; அதன்மேல் பொன் வேய்ந்த ஸ்தூபி. நான் போய் இறங்கியது 2024 நவம்பர் ஆரம்பம். முந்தின மாதம்தான் பிங் நதி பெருகி ஊருக்குள் புகுந்திருந்தது. சுவர்களில் இடுப்பளவுக்குச் சேற்றுக் கோடு. 2015-ஐப் பார்த்த சென்னைக்காரிக்கு அந்தக் கோடு என்ன என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஐப்பசிப் பௌர்ணமியன்று, இங்கே சிவன் கோயில்களில் அன்னாபிஷேகம் நடக்கிற அதே ராத்திரியில், அங்கே ஆற்றில் வாழைப்பட்டைத் தெப்பங்களில் விளக்கு ஏற்றி விட்டார்கள். ஆகாயத்தில் காகித விளக்குகள் பறந்தன. நான் ஆற்றங்கரையில் நின்றுகொண்டு, பக்கத்தில் யாராவது தமிழில் "அடடா" என்று சொல்ல மாட்டார்களா என்று ஏங்கினேன். ஒருத்தரும் சொல்லவில்லை. நானே சொல்லிக்கொண்டேன்.

தாய்லாந்துக் கடிகாரம் நமக்கு ஒன்றரை மணி முந்தியது. சென்னையில் ஆபீஸ் பத்து மணிக்குத் தொடங்கினால் எனக்குப் பதினொன்றரை. ஆகையால் காலை வேளை முழுவதும் எனக்குச் சொந்தம். எட்டு மணிக்குப் பூங்காவில் தேசிய கீதம் ஒலிக்கும். ஓடுகிறவர், நடக்கிறவர் எல்லோரும் அந்தந்த இடத்தில் சிலையாக நிற்பார்கள். அது முடிந்ததும் நான் பாடத்துக்குப் போவேன்.

தாய் பாஷையில் 44 மெய்யெழுத்துக்கள். கேட்டதும் தலை சுற்றியது. ஆனால் முதல் நாளே ஒரு சந்தோஷம் காத்திருந்தது. நாம் "கெ", "கே", "கை" எழுதும்போது கொம்பை முன்னால் போட்டுவிட்டு எழுத்தைப் பின்னால் போடுகிறோம் அல்லவா? அவர்களும் அப்படியே! என்னுடன் படித்த வெள்ளைக்காரர்கள், "பின்னால் உச்சரிக்கிறதை முன்னால் எழுதுவானேன்?" என்று தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். நான் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன். வார்த்தைகளிலும் பாதி, பழகின முகங்கள். ஆகாரத்துக்கு "ஆஹான்". பாஷைக்கு "பாசா". ஆசிரியருக்கு "குரூ". டெலிபோனுக்கு என்ன தெரியுமா? "தோரசப்", அதாவது தூர சப்தம்! மாம்சம் சாப்பிடாதவருக்கு "மங்சவிரட்". இதற்கு மேல் என்ன வேண்டும்?

கர்வம் இரண்டாம் வாரம் அடங்கிற்று. அந்தப் பாஷையில் ஐந்து ஸ்வரம். ஒரே சொல்லை மேலே தூக்கினால் ஓர் அர்த்தம், கீழே இறக்கினால் வேறு அர்த்தம். "மை" என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தாழ்த்திச் சொன்னால் "புதிது". சியாங் மை என்றால் புது நகரம். உயர்த்தினால் "மரம்". மேலிருந்து சறுக்கினால் "இல்லை". அதே சறுக்கலில் "எரிவது" என்றும் ஓர் அர்த்தம். கடைசியில் மேலே ஏற்றி முடித்தால் கேள்வி. எங்கள் ஆசிரியை கரும்பலகையில் ஐந்து மையையும் வரிசையாக எழுதி, "புது விறகு எரியாது, இல்லையா?" என்று அர்த்தம் சொன்னாள். நான் அதை ராத்திரி அம்மாவுக்குப் போனில் சொல்லிக் காட்டினேன்.

"மை, மை, மை, மை, மை."

"பூனைக் குட்டி வளர்க்கிறாயா?" என்றாள் அம்மா.

என் ஜாகைக்காரி அறுபது வயதுப் பெண்மணி. அவளை நான் "பா" என்று கூப்பிடுவேன். பெரியம்மா என்று அர்த்தம். அங்கேயும் நம் ஊர் மாதிரி பெயர் சொல்லிக் கூப்பிடுவதைக் காட்டிலும் முறை சொல்லிக் கூப்பிடுவது அதிகம். வெளிநாட்டார் யாராவது வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் சர்க்காருக்குத் தகவல் கொடுக்க வேண்டியது வீட்டுக்காரர் பொறுப்பு. 90 நாளுக்கு ஒரு முறை நாமும் குடியேற்ற இலாகாவில் ஆஜர் கொடுக்க வேண்டும். ஒரு வருஷத்தில் 180 நாள் தங்கிவிட்டால் வருமான வரிக் கணக்கிலும் நம்மைச் சேர்த்துக்கொள்வார்கள். நாடோடி என்று பெயரே ஒழிய, இவ்வளவு பாரம் எழுதுகிற நாடோடியைச் சரித்திரம் கண்டிருக்காது.

* * *

2025 ஜனவரியில், பொங்கல் கழிந்து மூன்றாம் நாள், அம்மா வந்தாள். பெட்டியில் பாதி கறிவேப்பிலைப் பொடி.

சாப்பாட்டைப் பற்றித்தான் எனக்குப் பயம். எதிலும் மீன் சாறு ஊற்றுகிற ஊர். ஆனால் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் "ஜே" என்று எழுதித் தொங்கவிட்ட கடைகள் உண்டு. அங்கே மீனும் முட்டையும் இல்லை என்பது மட்டுமல்ல. வெங்காயமும் பூண்டும்கூடக் கிடையாது. அம்மாவால் நம்பவே முடியவில்லை. "இவ்வளவு ஆசாரம் மாம்பலத்திலேயே கிடையாதே!" என்றாள். சந்தையில் முருங்கைக் காயைப் பார்த்துவிட்டு, காணாமல் போன உறவுக்காரரைக் கண்டதுபோல் நின்றுவிட்டாள். "மரும்" என்று பெயர் சொல்லிக் கொடுத்தேன்.

பாவுக்கும் அவளுக்கும் சிநேகிதம் எப்படி ஏற்பட்டது என்று எனக்குப் புரியவே இல்லை. ஒருத்திக்குத் தமிழ் தெரியாது. ஒருத்திக்குத் தாய் தெரியாது. நான் மூன்று மாதம் பணம் கட்டிப் படித்ததைக் கொண்டு நடத்துகிற சம்பாஷணையைக் காட்டிலும் அவர்கள் இருவரும் வெகு சரளமாகப் பேசிக்கொண்டார்கள். பின்கட்டில் கல்லுரலை நடுவில் வைத்து, பா எலுமிச்சைப் புல்லையும் அரத்தையையும் இடிப்பாள். அம்மா, "இப்படி இடித்தால் கை வலிக்கும், இப்படி இடி" என்று உலக்கையை வாங்கிக்கொள்வாள். பா அவளை "குன் மே" என்று கூப்பிட்டாள். மரியாதைக்குரிய அம்மா என்று அர்த்தம். தெருவில் பழக்காரி முதல் எல்லோருக்கும் அவள் குன் மே ஆகிவிட்டாள். பாரத்தில் இடமில்லாதவளுக்குத் தெருவெல்லாம் இடம் கிடைத்தது.

பிப்ரவரி கடைசியில் ஒரு நாள் காலை, மலையைக் காணோம்.

மேகம் என்றே நினைத்தேன். மறுநாளும் இல்லை. சூரியன் செம்புத் தாம்பாளம் மாதிரி இருந்தது. கண் கூசாமல் பார்க்க முடிந்தது. பாவைக் கேட்டேன். "எரிக்கிற காலம்" என்றாள். அறுவடை முடிந்த வயல்களில் தாளையும் மக்காச்சோளக் கட்டையையும் கொளுத்துவார்கள். கோடைக் காய்ச்சலில் காடுகளும் பற்றிக்கொள்ளும். அண்டை நாடான மியான்மரிலிருந்தும் புகை வரும். சுற்றிலும் மலை, காற்று அசையாது; மூடி போட்ட பாத்திரத்துக்குள் ஆவி நிற்பதுபோல் அது அப்படியே நிற்கும். ஏப்ரல் வரை இப்படித்தான். மழை வந்தால்தான் விடிவு. அந்தப் புகையின் துகளை "பி.எம். 2.5" என்கிறார்கள், தலைமயிரின் கனத்தில் முப்பதில் ஒரு பங்குகூட இருக்காது. அவ்வளவு நுணுக்கமானதால்தான் மூச்சுப் பையின் அடி வரைக்கும் போய் உட்கார்ந்துகொள்கிறது.

இதெல்லாம் ரகசியம் அல்ல. அந்த ஊரைப் பற்றி நாலு பக்கம் படித்தவர்களுக்குத் தெரிந்த விஷயம். நானும் படித்திருந்தேன். "நமக்கு என்ன ஆகிவிடப் போகிறது?" என்று புரட்டிவிட்டேன். அந்த விஷயத்தில் எனக்கு மன்னிப்பே கிடையாது.

சுத்தி செய்கிற யந்திரம் ஒன்று வாங்கி அம்மாவின் அறையில் வைத்தேன். ஜன்னல்களைச் சாத்தினேன். "ஊருக்குப் போய்விடலாமா?" என்று கேட்டேன். "உன் பரீட்சை பதினைந்து நாளில் வருகிறது. எனக்கு ஒன்றுமில்லை" என்றாள். எனக்கும் அந்தப் பதில்தான் வேண்டியிருந்தது போலிருக்கிறது, மறுபடி கேட்கவில்லை.

மார்ச் முதல் வாரம், வியாழக்கிழமை. சென்னையில் இதழ் முடிக்கிற நாள். நான் மேஜை எதிரே உட்கார்ந்து, காதை இறுக மூடுகிற கருவியை மாட்டிக்கொண்டு, ஆபீஸ் கூட்டத்தில் இருந்தேன். அட்டைப்படத்துக்கு மஞ்சளா, சிவப்பா என்று ஒரு மணி நேரம் வாதம். கூட்டம் முடிந்து கருவியைக் கழற்றினேன். வீட்டில் சப்தமே இல்லை. அம்மாவின் அறை திறந்திருந்தது. படுக்கையில் அவள் இல்லை. இன்ஹேலர் தரையில் கிடந்தது. செருப்பு வாசலில் இருந்தது.

அந்த நிமிஷத்தைப் பற்றி நான் அதிகமாக எழுதப் போவதில்லை.

டெலிபோன் அடித்தது. பா! படபடவென்று பேசினாள். எங்கள் ஆசிரியை பேசுகிற நிதானமான தாய் பாஷை அல்ல. வடக்கத்திக் கொச்சையும் அழுகையும் கலந்து கொட்டினாள். எனக்குப் பிடிபட்டவை இரண்டே துண்டுகள். "ரோங் பயாபான்", ஆஸ்பத்திரி. அப்புறம், "மே ஹாய் ஜை மை ஓக்". மே என்றால் அம்மா. ஹாய் ஜை என்றால் மூச்சு. நடுவில் இருந்த அந்த "மை", மேலிருந்து சறுக்கின மை. மூச்சு வரவில்லை.

சிவப்பு வாடகை வண்டி ஒன்றில் ஏறி ஓடினேன். அம்மா மூக்கிலும் வாயிலும் மூடியுடன் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மருந்துப் புகை போய்க்கொண்டிருந்தது. பா அவளுடைய செருப்பில்லாத கால்களைத் தன் மேல்துணியால் போர்த்தி, மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். முதுகில் தட்டிக் கொடுத்து, பக்கத்து வீட்டுப் பையனின் வண்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தவள் அவள்தான். ஆறு அடி தூரத்தில் இருந்த என் கதவைப் பா இரண்டு தரம் தட்டினாளாம். எனக்குக் கேட்கவில்லை.

இரவு மூச்சு சமனப்பட்ட பிறகு கேட்டேன்: "நீ ஏன் அம்மா உள்ளே வந்து என் தோளைத் தொடவில்லை?"

"நீ ஆபீஸில் இருந்தாயே" என்றாள்.

அப்பா உயிரோடு இருந்த காலத்தில் அவர் ஆபீஸில் இருக்கும்போது அவள் ஒரு நாளும் போன் செய்ததில்லை. ஆபீஸ் என்றால் தொந்தரவு செய்யக்கூடாத இடம். அது தி. நகரில் இருந்தால் என்ன, பக்கத்து அறையில் இருந்தால் என்ன? வீட்டுக்குள்ளேயே ஆபீஸை வைத்துக்கொண்டால் வீட்டாரோடு கூடவே இருக்கலாம் என்று நான் போட்ட கணக்கை அவளிடம் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

* * *

பரீட்சை எழுதவில்லை. டாக்டர் பிரயாணத்துக்குச் சம்மதித்ததும் புறப்பட்டோம். பா, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் ஏதோ சொன்னாள். "என்ன சொல்கிறாள்?" என்று கேட்டாள் அம்மா. "எனக்குச் சரியாகப் புரியவில்லை" என்றேன். "எனக்குப் புரிந்தது" என்றாள்.

பாங்காக்கில் விமானம் மாற வேண்டும். ஒரு நாள் தங்கி, சீலோம் வீதியில் இருக்கிற மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். நம் தமிழர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டியது. தாய்க்காரர்கள் அதை "வாட் கேக்" என்கிறார்கள். கேக் என்றால் இந்தியர் என்றும் அர்த்தம், விருந்தாளி என்றும் அர்த்தம் என்று சொன்னேன். அம்மா பிராகாரத்தில் உட்கார்ந்து, தாய்லாந்துப் பெண்கள் சாமந்தி மாலையும் தேங்காயுமாக வரிசையில் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாம்பலத்துக்கு வந்து, பெட்டியைப் பிரித்ததும் முதல் காரியமாக அப்பாவின் பணத்தை அவள் பெயருக்கு மாற்றுவதற்குப் பாங்கிப் பாரத்தைக் கொண்டு வந்து வைத்தேன். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதும் படித்தாள். படித்து, மடித்து, பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

"உன் விசா எத்தனை வருஷம் என்றாய்?"

"ஐந்து."

"அப்படியானால் பணம் உன் பேரிலேயே இருக்கட்டும். நவம்பரில் போனால் ஜனவரிக்குள் திரும்பிவிடலாம். மலை தெரிகிற காலம்தானே அது?"

"போகலாம், பரீட்சைகூடப் பாக்கி இருக்கிறது."

"ஒரு டிக்கெட்டா, இரண்டா?" என்று கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை; பாவுக்குக் கொடுக்க இன்னும் ஒரு படி கறிவேப்பிலைப் பொடி திரிக்க வேண்டும் என்று எழுந்து உள்ளே போனாள்.